மருந்து வெல்லம்

ஜெயராஜுக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்காது, கையில் இருக்கும். கும்மிடிப்பூண்டி உருக்கு ஆலையில் 2006 பிறப்பதற்குள் அடிதடிக்காக இரண்டு மெமோ வாங்கிவிட்டார். மூன்றாவது வந்தால் ஒன்பது வருட வேலை போச்சு. ஆனாலும் தன்னைப்போல் ஒரு சாது அந்தச் சிப்காட் தொழிற்பேட்டையிலேயே கிடையாது என்றுதான் மனுஷன் மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

மனைவி ஆரோக்கியமேரி நம்பவில்லை. பொன்னேரியில் டாக்டர் ஹஸ்னாவிடம் இழுத்துப் போனாள்.

"ஒரு நாளைக்கு எத்தன டீ குடிப்பீங்க?" என்றார் டாக்டர்.

"பதினொன்னு. கிளாஸுக்கு மூணு ஸ்பூன் சக்கரை," என்று மேரி போட்டுக்கொடுத்தாள்.

"சக்கரைய ஜாஸ்தியா குடுத்து வளத்த எலிங்களுக்கு மூளைல அழற்சி வருது, வீக்கம் மாதிரி. நடத்தையும் மாறுதுன்றாங்க. மனுஷங்களுக்கு இன்னும் உறுதியா சொல்ல முடியாது. விட்டுத்தான் பாருங்களேன்."

ஜெயராஜ் அன்றோடு டீயையே விட்டார். பதினைந்தாம் நாள், கூட வேலை செய்யும் துளசிராமன் தெரியாமல் தன் ஹெல்மெட்டை மாற்றிப் போட்டுக்கொண்டதற்காக, அவருடைய ஹெல்மெட்டைத் தூக்கிக் கூரைமேல் வீசினார். நல்லவேளை, மேனேஜர் அந்தப் பக்கம் இல்லை.

மேரி மறுபடி பொன்னேரிக்கு இழுத்துப் போனாள். டாக்டருக்கே குழப்பம். "வேற இனிப்பு எதுனா சாப்பிடுறீங்களா?"

"ஏசப்பா மேல சத்தியமா தொடல டாக்டர்."

அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. தூசு பறக்கும் அந்த ஆலை ஷெட்டில் தொண்டைக்கு இதமாக ஆளுக்கு ஓர் அச்சு வெல்லத்தைக் கம்பெனியே தினமும் கொடுக்கும். மருந்து எப்படி இனிப்பாகும்? 'பாவம், டீய உட்டுட்டாரு' என்று இரக்கப்பட்டு இன்னும் ஆறு பேர் தங்கள் பங்கையும் அவருக்கே கொடுத்துவந்தார்கள்.

சட்டைப்பையில் எறும்புகளைப் பார்த்து மேரிதான் கண்டுபிடித்தாள். "யோவ், வெல்லம் இன்னா வேப்பமரத்துலயா காய்க்குது?"

வெல்லமும் போனது. ஒரு மாதம் ஓடியது. கூரைமேல் எதுவும் ஏறவில்லை. ஜெயராஜுக்குத் தலைகால் புரியவில்லை. நேராக மேனேஜர் சுப்பராயனிடம் போனார். "சார், இந்த வெல்லந்தான் சார் என்ன அடிக்க வெச்சது. அந்த ரெண்டு மெமோவயும் கேன்சல் பண்ணுங்க."

மேனேஜர் வெல்லத்தைக் கேன்சல் பண்ணினார், மொத்த ஷெட்டுக்கும்.

மறுநாள் காலை அதே ஷெட்டில் வேலை செய்யும் கலியன் எதிரில் வந்து நின்றார். பூனைக்குக்கூட வழிவிடுகிற ஆள். "உனுக்குக் கோவம் வந்தா எங்க வெல்லத்துல கைய வெப்பியா?" என்று கேட்டு, பளாரென்று ஓர் அறை விட்டார்.

ஜெயராஜின் கை தானாக மேலே போனது. போன கையைப் பார்த்ததும் அவருக்கே திக்கென்றது. உடம்பில் டீ இல்லை, சர்க்கரை இல்லை, வெல்லம் இல்லை. இனி யார்மேல் பழிபோடுவது? வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தன் கையைக் கண்டு பயந்தார். மெல்ல இறக்கினார்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். "யார் அடிச்சது?"

"யாரும் அடிக்கல சார். கம்பில இடிச்சிக்கினேன்," என்றார் ஜெயராஜ், ஐந்து விரலும் அச்சாகப் பதிந்த கன்னத்தைத் தடவிக்கொண்டே. "அவுங்களுக்கு வெல்லத்தக் குடுத்துருங்க சார். கோவம் என்னுது."