தட்டில் துடித்த தம்பி

அவள் இதயத் தசைச் செல்களை ஆராய்பவள். ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து, உடனே அடங்க வேண்டும். பாயும் கதவை நேரத்துக்கு மூட உதவுவது, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம். அது கெட்டுப்போன நோயாளிகளின் செல்களை அவள் தட்டுகளில் வளர்த்தாள். செல்லுக்குள் இன்னொரு புரதத்தையும் புகுத்தியிருந்தாள். கால்சியம் ஒட்டினால் அது பச்சையாக ஒளிரும்.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தம் தேவைப்பட்டது. தீயணைப்பு வீரனான தம்பி கையை நீட்டினான். "கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்புக்கா. எடுத்துக்கோ."

அந்த ரத்தத்திலிருந்து மாதக்கணக்கில் உருவாக்கிய இதயச் செல்களின் மேல், அன்று காலை அட்ரினலின் விட்டாள். ஓடும்போதும் பயப்படும்போதும் உடம்பில் சுரப்பது அது. துடிப்பு வேகமாகும், ஆனால் சீராக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

பச்சை ஒளி தாறுமாறாக வெட்டியது. நோயாளிகளின் தட்டில் பார்த்த அதே கூத்து.

"தட்டு மாறிப்போச்சு" என்றாள். ஆய்வகத்தில் 'பூதக்கண்ணாடி' என்று பெயரெடுத்த உதவியாளர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"மாறலம்மா. நான்தான் ஒட்டினேன்."

வேறு நாளில் வளர்த்த இன்னொரு தட்டை எடுத்தாள். அதுவும் அப்படியே. மணி பார்த்தாள், தம்பிக்குப் பயிற்சி நேரம். நான்காவது அழைப்பில்தான் எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"பயிற்சிக் கோபுரத்துக்குக் கீழ. அடுத்து என் முறை, மூட்டையோட ஏறணும்."

"ஏறாத. அப்படியே உக்காரு."

"என்னக்கா, கனவு கினவு கண்டியா?"

"உன் செல்லைப் பார்த்தேன்டா. உக்காருன்னா உக்காரு!"

அவள் குரல் உடைந்ததும் அவன் சிரிப்பு நின்றது.

மறுநாள் இதய மருத்துவர் அவனை ஓடுபொறியில் ஏற்றினார். ஐந்தாவது நிமிடம் திரையைப் பார்த்தவர், பாய்ந்து பொறியை நிறுத்தினார். இரண்டு வாரம் கழித்து மரபணுச் சோதனையும் அதையே சொன்னது: அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை. இனி தினமும் மாத்திரை, ஓட்டம் கூடாது, வேலை தொலைபேசி அறையில். தம்பி இரண்டு நாள் கோபத்தில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டான். மூன்றாம் நாள், "உயிரோட கோவப்படறேன்ல, அதுவே பெரிசு" என்றான்.

அவள் ரத்தத்தில் அந்தப் பிழை இல்லை. "பெத்தவங்ககிட்ட இருந்து வந்திருக்கலாம்மா" என்று அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தாள். "அப்பா எப்படி இறந்தாங்க? மாரடைப்புன்னுதானே சொன்ன?"

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் விட்டாள்.

"பஸ்ஸைப் பிடிக்க ஓடினாரு. விழுந்துட்டாரு." யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "மெதுவாத்தான் நடந்து வந்தாருடி. நான்தான் பஸ் படியில நின்னுக்கிட்டு, 'ஓடி வாங்க, ஓடி வாங்க'ன்னு கத்தினேன்."