அம்பிகாவின் சேவல்

அம்பிகாவுக்குப் பொறாமை புதிதல்ல. பக்கத்து வீட்டு வஹீதாவின் மிக்ஸியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள், அவள் தலைமுடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். ஆனால் ஒரு கோழிக்காக வயிறு எரியும் என்று அவளே நினைத்ததில்லை.

இருவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர்கள். காலையில் ஒரே வேனில் போய் மாலையில் ஒரே வேனில் திரும்புவார்கள். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இருப்பது இடுப்பளவுச் சுவர். தை மாதம், நாட்றம்பள்ளியிலிருந்து வண்டியில் கூடை கட்டிக்கொண்டு வந்தவனிடம் ஆளுக்கொரு கோழிக்குஞ்சு வாங்கினார்கள்.

அம்பிகாதான் முதலில் பொறுக்கினாள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால், தலையை நிமிர்த்தித் துடிப்பது சேவல், பேசாமல் தொங்குவது பெட்டை என்பது அவள் கணக்கு. தொங்கியதைத் தான் வைத்துக்கொண்டு, துடித்ததை வஹீதாவிடம் தள்ளினாள்.

"உன்து சேவலு. பரவால்ல, பிரியாணிக்கு ஆவும்" என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒரு பெட்டை. அது இடும் முட்டைகளை அடை வைத்து, கொல்லை நிறையக் குஞ்சுகள் ஓட வேண்டும். கம்பெனியில் அவள் லைனில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் இதைச் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் மாதமே அம்பிகாவின் குஞ்சு நெட்டைக் காலோடு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு காக்கையைத் துரத்தியது. வஹீதாவினுடையதோ தரையோடு தரையாக, குண்டாக, சாதுவாக வளர்ந்தது. பார்த்தவர்களெல்லாம் உன்னுடையது சேவல், அவளுடையது பெட்டை என்றார்கள். அம்பிகாவின் புருஷன் கோபி சிரித்தே விட்டான்.

ஒருத்தி மட்டும் மறுத்தாள். அது வஹீதா.

"இல்லக்கா, ரெண்டுமே பெட்டதான். கழுத்து எறகு முனை வட்டமா இருக்குது பாரு. சேவலுக்கு கூரா இருக்குமாம். யூடியூப்ல பாத்தேன்."

தலைமுடியும் மிக்ஸியும் போதாதென்று இப்போது கோழி சாஸ்திரமும் இவளுக்குத்தான் தெரியுமா என்று அம்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறுதல் சொல்வதுபோல் குத்திக் காட்டுகிறாள் என்றே நினைத்தாள். கழுத்து இறகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனி பிறந்ததும் அவள் கோழியின் கொண்டை குங்குமமாகச் சிவந்தது. "பாத்தியா, சேவலேதான்" என்றாள் அம்பிகா. கூவவில்லையே என்று கோபி கேட்டதற்கு, "இன்னும் தொண்ட தெறக்கல" என்று முடித்துவிட்டாள்.

அடுத்த வாரமே வஹீதாவின் கோழி முட்டையிட்டது. கொல்லையில் கிடந்த பழைய அட்டைப்பெட்டியில், தோல் துண்டுகளின் மேல் முதல் முட்டை. பத்து நாள் கழித்து வேனில் ஏறும்போதே வஹீதா சொன்னாள்.

"அக்கா, நேத்து சாயங்காலம் போய் பாக்குறேன், ரெண்டு முட்ட. அல்லாவோட பரக்கத்து."

அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு. ஒரு கோழி எப்படி ஒரே நாளில் இரண்டு இடும் என்று அம்பிகா கேட்கவில்லை. வஹீதாவிடம் இருக்கும் கோழி என்றால் மூன்றுகூட இடும் என்று அவள் வயிற்றெரிச்சல் அப்படியே நம்பியது. ஒருநாள் வஹீதா சுவருக்கு மேல் ஒரு முட்டையை நீட்டினாள். மற்றதெல்லாம் வெள்ளை, இது செம்மண் நிறம். அம்பிகா வாங்கி ஃப்ரிட்ஜின் மூலையில் வைத்தாள். அவித்துத் தின்ன மனம் வரவில்லை.

தன் கொல்லையில் தண்டச்சோறு தின்றுகொண்டு நிமிர்ந்து நடக்கும் அந்தச் சேவலைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெறுப்பாக வந்தது. காவேரிப்பாக்கத்திலிருந்து நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் செய்ததும், "கறி வாங்க வேணாம், இத அறுத்துடலாம்" என்றாள்.

"வேணாக்கா, அது பெட்டக்கா" என்று வஹீதா சனிக்கிழமை வேனில் இரண்டு முறை சொன்னாள்.

"உன் கோழிய நீ பாத்துக்க" என்றாள் அம்பிகா.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கோழி நிலைகொள்ளாமல் சுவரோரம் நடந்தது. கேரிக் கேரிக் கத்தியது. ஒருமுறை சுவர்மேல் ஏறி அந்தப் பக்கம் குதிக்கப் போனது. "கூவப் பழகுது" என்று சொல்லிக்கொண்டே அம்பிகா அதன் காலைப் பிடித்து இழுத்தாள். தலைகீழாக அது துடிக்காமல் தொங்கியது.

கோபி அறுத்துக் கொடுத்தான். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து அம்பிகா வயிற்றைக் கீறிக் கைவிட்டாள். கொத்தாகக் கருக்கள் வந்தன. கோலிக்குண்டு அளவில், பட்டாணி அளவில், கடுகளவில், எல்லாம் மஞ்சள் மஞ்சளாக. அவற்றுக்கும் கீழே விரலில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். ஓடு முற்றிய முழு முட்டை. ரத்தத்தைக் கழுவியதும் செம்மண் நிறம் தெரிந்தது.

குழாய் திறந்தபடியே இருந்தது. ஃப்ரிட்ஜின் மூலையில் இருக்கும் முட்டை யாருடையது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. இத்தனை நாள் தன் கோழியைப் பார்த்தே தான் பொறாமைப்பட்டிருக்கிறோம் என்பதும் புரிந்தது.

சுவருக்கு அப்பால் அட்டைப்பெட்டி நகரும் சத்தம் கேட்டது. வஹீதாவின் தலை எட்டிப் பார்த்தது.

"அக்கா, இன்னிக்கி ஒண்ணுதான் இருக்குது. செவப்பு வரல. யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல."

அம்பிகா முட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அது இன்னும் சூடாக இருந்தது.