ஒரு ஹோஸ் தண்ணீர்

"தொட்டி நிரம்பிவிட்டது! மோட்டாரை நிறுத்தவும்!"

காட்டேஜ் மொட்டை மாடியில் அலாரம் பெட்டி பெண்குரலில் அலறியது. படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்த மணிமேகலை ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். வழிந்த தண்ணீர் சுவரில் இறங்கிப் பாறையில் ஓடியது. அதே சரிவில் கொஞ்சம் கீழே, அவள் வீடு இருக்கும் வரிசையில், குழாய் காய்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

வட்டக்கானலில் அந்த வரிசைக்கு ஊற்றுத் தண்ணீர்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும். காட்டேஜ் முதலாளி மேலேயே குழாயில் துளை போட்டு மோட்டார் வைத்த பிறகு வீடுகளுக்குக் காற்றுதான் வந்தது. அங்கேயே வேலை பார்த்துக் கண்ணால் கண்டவள் என்று, அந்த மோட்டார் மேல் கொடுத்த புகார் மனுவில் முதல் கையெழுத்தை மணிமேகலையிடம்தான் வாங்கியிருந்தாள் பக்கத்து வீட்டு அன்னக்கொடி.

அன்று மதியம் பழனியிலிருந்து சம்பந்தி சுந்தராம்பாளின் போன் வந்தது.

"வளைகாப்பு முடிஞ்சதும் சுகன்யாவ அனுப்பலாம்னுதான் இருந்தோம். ஆனா அங்க சொட்டுத் தண்ணி கெடயாதாமுல்ல? பிள்ளையப் பெத்தவளக் குளிப்பாட்ட, துணி அலச என்ன செய்வீங்க? தலப்பிரசவம் இங்கயே இருக்கட்டும்."

"ஒரு வாரம் பொறுங்க மதினி. தண்ணிக்கு நான் ஏற்பாடு பண்ணிர்றேன்."

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வராத தாயை ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம். கல்யாணமான இரண்டு வருடத்தில் சுகன்யா தாய்வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை என்பது இன்னொரு பக்கம். பொங்கலுக்கு வந்தவள் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். இப்போதுதான் மூன்று மாதம் பக்கத்தில் இருக்கப்போகிறாள். அதை விட்டுக்கொடுக்க மணிமேகலைக்கு மனசில்லை.

முதலாளியிடம் போய் நின்றாள். அவர் யோசிக்கவே இல்லை.

"என் தொட்டியில இருந்து ஒன் வீட்டுக்கு ஒரு ஹோஸ் இழுத்துத் தாறேன். நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர் வாராரு. மோட்டார் எதையும் பாத்ததில்லன்னு சொல்லிரு, போதும்."

மறுநாள் அதிகாரி வருவதற்குள் மோட்டாரைக் கழற்றிக் கம்பளிகளுக்கு அடியில் ஒளித்துவிட்டார்கள். காலிக் குடங்களோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் மணிமேகலையின் வாயையே பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"மோட்டாரெல்லாம் இல்லைங்க சார். ஊத்துதான் வத்திப்போச்சு."

அதிகாரி எழுதிக்கொண்டார். ஜீப் வளைவு திரும்பியதும் அன்னக்கொடி கிட்டே வந்தாள்.

"ஊத்து வத்திருச்சாக்கும்! அப்ப தெனம் இருவது பெட்ஷீட்ட எதுலடி தொவைக்கிற, ஒன் எச்சியிலயா?"

யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஹோஸ் வந்தது. வாசலில் நீல டிரம் நிரம்பி வழிந்தது. ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்த பெண்களை, "ஆளுக்கொரு கொடம் பிடிச்சுக்கங்கக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருத்தியும் நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி வந்திருச்சு கண்ணு! டிரம்மு வழியுது. இனி ஒங்க மாமியா ஒரு சாக்கும் சொல்ல முடியாது. வளைகாப்பு அன்னைக்கு வெள்ளனே வந்து ஒன்னயக் கூட்டிட்டு வந்துர்றேன்."

மறுமுனையில் சுகன்யா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"அத்தையக் கொற சொல்லாதம்மா. தண்ணியில்லன்னு ஒங்கிட்டச் சொல்லச் சொன்னதே நாந்தான்."