ஒரு கை மாவு

பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் பிரவீணா போன் செய்தாள். பெரம்பலூர் கல்லூரியில் என் மனைவி சண்முகப்பிரியாவோடு ஆராய்ச்சி செய்த பெண். பிரியா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. காரியத்துக்கு வந்து போன பிறகு பிரவீணா என்னிடம் பேசியது அன்றுதான். நான் அரியலூர் சிமெண்ட் ஆலையின் லேபில் பலம் பார்ப்பதற்காகச் சிமெண்ட் கட்டிகளை அழுத்தி உடைத்துக்கொண்டிருந்தேன். மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

"அண்ணா, ஃப்ரீசர் போயிடுச்சுண்ணா," என்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

மீதியை மெதுவாகச் சொன்னாள். விடுமுறையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஃப்ரீசர் நின்றுவிட்டது. நான்கு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. உள்ளே இருந்த குப்பிகள் எல்லாம் உருகிக் கெட்டுவிட்டன. பிரியாவின் பாக்டீரியாவும் அதில் போய்விட்டது.

பிரியா கூழ் ஆராய்ச்சி செய்தாள். கொள்ளிடக் கரை ஊர்களில் வீடு வீடாகப் போய், கூழுக்காகப் புளிக்க வைத்த கேழ்வரகு மாவைக் குப்பியில் எடுத்து வருவாள். அதிலிருக்கும் பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்ப்பாள். ஏழாவது வீட்டு மாவில் கிடைத்த ஒன்று, மற்றவை எல்லாவற்றையும்விட மூன்று மடங்கு ஃபோலேட் உண்டாக்கியது. ரத்தம் ஊறத் தேவையான சத்து அது. அதைப் பற்றிய கட்டுரையை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினாள். அடுத்த வாரம் மூளையில் ரத்தக் கசிவு. மூன்று நாள்.

அந்தக் கட்டுரையை இப்போது ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். ஒரே நிபந்தனைதான். பாக்டீரியாவை அரசு சேமிப்பகத்தில் உயிரோடு ஒப்படைத்து, அங்கே கொடுக்கும் எண்ணை மார்ச் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். எண் இல்லையென்றால் கட்டுரை வராது. ஐந்து வருட வேலையில் அவள் பெயரோடு வரப்போவது அது ஒன்றுதான்.

"அந்த ஏழாவது வூடு எது?" என்று கேட்டேன்.

"உங்க வூடுதாண்ணா."

எங்கள் ஊர் திருமானூருக்குப் பக்கம். பிரியா மாவு எடுத்த சட்டி இப்போது இல்லை. பிரியாவைத் தூக்கிய அன்று வீட்டில் இருந்த தண்ணீர், சோறு, மாவு எல்லாவற்றையும் அம்மா கொட்டினார். சாவு விழுந்த வீட்டில் அதையெல்லாம் வைத்திருக்கக் கூடாது. மாவுச் சட்டியை வாசலில் போட்டு உடைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சட்டியில் தினமும் ஒரு கை மாவை மிச்சம் வைத்து, அதன் மேல்தான் புது மாவைக் கரைப்பார். பழைய மாவு புதியதைப் புளிக்க வைக்கும். அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது அன்றோடு நின்றது.

இப்போது இருப்பது புதுச் சட்டி. அம்மா மறுபடியும் கூழ் காய்ச்சுகிறார். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஒரு டம்ளர் கொடுப்பார், குடிப்பேன். எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்று மாலை, இந்தச் சட்டிக்குப் பழைய மாவு எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் திரும்பாமலே, பழையது ஏது, புது மாவு தானாகப் புளித்தது என்றார். பிரவீணாவிடம் அப்படியே சொன்னேன். அப்படியானால் அதில் இருக்காது என்றாள். பிரியா அக்காவின் நோட்டில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

பிரியாவின் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஏழு மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. உள்ளே ஒரு கொண்டை ஊசி, பஸ் டிக்கெட்டுகள், காய்ந்த நெல்லிக்காய் இரண்டு, நோட்டு.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். அளவுகள் எல்லாம் ஆங்கிலத்தில். ஓரத்தில் மட்டும் தமிழில் குறிப்பு. நான்காவது வீடு: 'நாய் கடிக்க வந்தது. மாவு பிரமாதம்.' ஏழாவது வீடு: 'அத்தை. ஒரு கை மாவை மூன்று தடவை எடுப்பது எதற்கு என்று கேட்டார்.' பதினொன்றாவது வீட்டில் நிறுத்தினேன்.

'ரெங்கம்மாள் அக்கா. ஏழாவது வீட்டில் இருந்த அதே பாக்டீரியா. ஆச்சரியமில்லை. இவர் மாவு கெட்டுப்போனபோது நம் சட்டியிலிருந்து ஒரு கை எடுத்துச் சுவர் மேல் வைத்தது நான்தான். அத்தைக்குத் தெரிந்தால் என்னையும் முருங்கை மாதிரி வெட்டிவிடுவார்.'

ரெங்கம்மாள் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான். அவருடைய முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிகள் எங்கள் பக்கம் விழுந்துகொண்டே இருந்தன. அவர் ஜெயங்கொண்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அம்மா ஆள் வைத்துக் கிளையை வெட்டினார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை.

படித்ததும் சிரித்தேனா என்று தெரியவில்லை. வாய் அசைந்தது.

சனிக்கிழமை ரெங்கம்மாளிடம் போய், நாளைக்குக் காலேஜிலிருந்து ஒரு பெண் உங்கள் மாவுச் சட்டியைப் பார்க்க வருகிறாள், பிரியா வேலைக்காக என்றேன். பிரியா பெயரைக் கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாராளமாக வரட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் பிரவீணா ஐஸ் பெட்டியோடு இறங்கினாள். ரெங்கம்மாள் வாசல் தெளித்து, புதுப் புடவை கட்டி நின்றிருந்தார். நாற்காலி போட்டு, முதலில் காபி கொடுத்தார். பிறகு சட்டியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

சட்டி பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"படிச்ச பொண்ணு வருதேன்னு நேத்தே சோப்பு போட்டு, சுடுதண்ணி ஊத்தி, வெயில்ல கவுத்துட்டேன்," என்றார். "பழைய மாவக் காட்டுனா அது என்ன நெனைக்கும்?"

பிரவீணா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவை எங்கே கொட்டினீர்கள் என்று பிறகு கேட்டாள். முருங்கைக்கு என்று பதில் வந்தது. அவள் எழுந்து போய் மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு ஸ்பூன் மண்ணை எடுத்துக் குப்பியில் போட்டாள். அதில் பிரயோஜனமில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று ரெங்கம்மாளுக்கும் புரிந்துவிட்டது. காபி டம்ளர்களை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

எங்கள் பக்கம் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரே துண்டை மூன்றாவது முறையாக உதறினார்.

"சட்டியக் கழுவிட்டியா?" என்றார் சுவருக்கு மேலே. மூன்று வருடத்தில் முதல் பேச்சு.

ரெங்கம்மாள் என்னைப் பார்த்து, "கழுவிட்டேன்னு சொல்லு தம்பி," என்றார்.

சொல்வதற்குள் அம்மா துண்டைக் கொடியில் போட்டார். "அந்தப் பொண்ண இங்க கூட்டிக்கிட்டு வா, பூவரசு. இவ மாவு இங்க இருக்கு."

அடுப்படியில் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான் சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடிகாலை, சுவர் மேல் ஒரு கிண்ணத்தில் புளித்த மாவு இருந்தது. பூவரச இலை போட்டு மூடியிருந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நான் அவகிட்ட வாங்கல," என்றார். "செவுத்துலேர்ந்து எடுத்தேன்."

"தானா புளிச்சதுன்னு சொன்னியேம்மா."

"அவ மாவுல காய்ச்சுறேன்னு எந்த வாயால சொல்றது?"

நான் நோட்டை எடுத்துவந்து பதினொன்றாவது பக்கத்தைப் படித்தேன். முருங்கை வரையிலும் படித்தேன். அம்மா அசையாமல் கேட்டார்.

"திருட்டுக் கழுத," என்றார். "என் சட்டியிலேர்ந்தேவா?"

பிறகு சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே சாம்பலும் சிவப்பும் கலந்த மாவு சின்னச் சின்னக் குமிழிகளோடு இருந்தது. அதைப் பார்த்தபடியே, அப்படியானால் இது நம்ம மாவுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிரவீணா மூன்று குப்பிகளில் எடுத்துக்கொண்டாள். இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். எத்தனையோ கை மாறியிருக்கிறது, வேறு பாக்டீரியா பெருகி இதை ஒழித்திருக்கலாம், வளர்த்து மரபணுவைப் பழைய பதிவோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

போகும்போது அம்மா அவளை ஒரு டம்ளர் கூழ் குடிக்க வைத்தார். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு முழுக்கக் குடித்தாள். பிரியா அக்கா லேபுக்குத் தூக்குவாளியில் கூழ் கொண்டுவருவார், எங்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஆராய்ச்சிக்கு எடுப்பார் என்றாள். இதை நான் கேள்விப்பட்டதில்லை. வேறு என்னவெல்லாம் செய்வாள் என்று கேட்டேன். பஸ் வரும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைத்த பிறகு புளித்த மாவை வெளியே கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா ஐந்தரைக்கே ஒரு கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். கழுவிப்போட்டுவிட்டு நாளைக்கு எதை வைத்துக் காய்ச்சுவாள், போய் வை என்றார். கையில் கொடுக்கவா, சுவரில் வைக்கவா என்றேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் வைத்தேன். பிரியா எந்த இடத்தில் வைத்திருப்பாள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். துணி துவைக்கும் கல்லில் ஏறினால்தான் அவளுக்கு எட்டியிருக்கும்.

பிப்ரவரி முழுக்கத் தகவல் இல்லை. முதலில் வளர்ந்தது வேறு எதுவோ என்று பிரவீணா ஒருமுறை சொன்னாள். இரண்டாவது குப்பியில் முயற்சி செய்தாள். அந்த நாட்களில் கூழைக் குடிக்கும்போது டம்ளரைப் பார்த்துக் குடித்தேன்.

மார்ச் இருபத்தாறாம் தேதி காலை, கிளம்பும் நேரத்தில் மெசேஜ் வந்தது. மூன்றாவது குப்பியில் கிடைத்திருக்கிறது. அதேதான். சேமிப்பகத்தில் சேர்த்தாகிவிட்டது. கீழே ஒரு எண். அதற்கும் கீழே, பிரித்தெடுத்தவர் என்ற இடத்தில் சண்முகப்பிரியா.

எண் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். யாருக்கு என்றார். நம் கூழுக்கு என்றேன். கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

"ஏய் ரெங்கம், என் மாவுக்கு கவர்மெண்டுல நம்பர் குடுத்துட்டாங்க."

"ஒன் மாவா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "நீ ஒடச்சுப் போட்டுட்ட. காப்பாத்துனது யாரு?"

"நீ மட்டும் என்ன, சோப்பு போட்டுக் கழுவலயா?"

அது நீண்டுகொண்டே போனது. முருங்கையும் உள்ளே வந்தது. கம்பெனி பஸ் பைபாஸில் திரும்பும் ஹாரன் கேட்டது. நான் அடுப்படியிலேயே நின்று டம்ளரைக் காலி செய்தேன். நல்ல புளிப்பு. உப்பு கொஞ்சம் குறைவு.

இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன். பஸ் போய்விட்டது.