நூற்றுப் பதினாலாம் நம்பர் அட்டை

கும்மிடிப்பூண்டி பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வினோதா என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவார்கள். ஒருத்தி கபடி வினோதா. அவள் பிடியில் சிக்கிய கால் தப்பியதே கிடையாது. இன்னொருத்தி ஓட்டக்கார வினோதா. ஆயிரத்தைந்நூறு மீட்டரில் மாவட்டத்துக்கே முதலாவதாக வருபவள். இருவருமே ஒப்பந்தத் தொழிலாளிகள், ஒரே அறையில் குடியிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பேர் ஒன்று என்பதாலேயே கபடிக்காரி மற்றவளைக் கூடப்பிறந்தவளாக நினைத்துவிட்டாள். அசட்டுத்தனம்தான், வேறென்ன சொல்ல?

கபடி ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை வரும், அன்று கம்பெனிக்கும் விடுமுறை. ஓட்டப்பந்தயம் அப்படியில்லை, வாரநாளாகப் பார்த்துத்தான் திருவள்ளூரில் வைப்பார்கள், முடிந்து திரும்ப இருட்டிவிடும். லீவு கூடினால் காண்டிராக்டர் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிடுவான். முதல் தடவை ஓட்டக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வழி சொன்னவள் கபடிக்காரிதான்.

"உன் கார்டைக் குடு. நான் போயி நிக்கிறேன். தலையில தொப்பி, மூஞ்சில மாஸ்க்கு, யாருக்கு இன்னா தெரியப்போவுது? என் பேரும் வினோதாதான?"

பந்தயத்தன்று கபடிக்காரி தன் அட்டையை அறையிலேயே போட்டுவிட்டு, அவளுடைய நூற்றுப் பதினாலாம் நம்பர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போனாள். சூப்பர்வைசர் ஜெரால்ட் பட்டியலைப் பார்த்து, "நூத்திப் பதினாலு, வினோதா" என்றார். "இருக்கேன் சார்" என்றாள். ஓட்டக்காரிக்கு வருகை விழுந்தது, இவளுக்கு லீவு விழுந்தது. ஒரே வருஷத்தில் இப்படி எட்டு நாள். காண்டிராக்டரின் மிரட்டலையும் இவளே வாங்கிக்கொண்டாள்.

அந்த வருஷக் கடைசியில்தான் கம்பெனி அறிவித்தது: விளையாட்டில் பேர் வாங்கியவர்களில் ஒருத்திக்கு நிரந்தர வேலை. இனி எவனும் வராதே என்று சொல்ல முடியாத வேலை. மூன்று வருஷமாகக் கபடிக்காரி சாமியிடம் கேட்டது இது ஒன்றைத்தான். ஆனால் லீவு எட்டு இருக்கிறதே என்று கலங்கினாள்.

ஓட்டக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாலதான உனுக்கு லீவு வுழுந்துச்சி? நான் உள்ள போயி எனுக்கு வேணாம்னு சொல்லிடறேன். நீ எட்த்துக்கோ. எங்கம்மா மேல சத்தியம்."

அம்மா மேல் சத்தியம் என்றபிறகு யார்தான் நம்பமாட்டார்கள்? இவள் நம்பினாள்.

மறுநாள் அதிகாரி ஹேமநாத் இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். சான்றிதழ்கள் இரண்டு பக்கமும் சமம். வருகைப் பதிவைப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"உனக்கு எட்டு நாள் லீவு. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுகூட இல்ல." ஓட்டக்காரி பக்கம் திரும்பினார். "ஆனா போட்டி நடந்த தேதியிலயும் வேலைக்கு வந்திருக்கியேம்மா, எப்படி?"

இப்போது சொல்லிவிடுவாள் என்று கபடிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல ஓடிட்டு, பஸ்ஸு மாறி மாறி வந்து ரெண்டு மணிக்கு லைன்ல நின்னுடுவேன் சார்" என்றாள் ஓட்டக்காரி. குரலில் நடுக்கமே இல்லை. "வேணும்னா இவளைக் கேளுங்க. ஒரே ரூம்புதான்."

ஹேமநாத் இவளைப் பார்த்தார். அட்டை மாற்றிப் போட்டால் இருவருக்கும் அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அந்த விதி வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் இருக்கிற கஞ்சியும் போகும்.

"ஆமா சார்" என்றாள் கபடிக்காரி.

"இந்த வயசுல இப்படி ஒரு உழைப்பா!" என்று அவர் வியந்து போனார். வேலை ஓட்டக்காரிக்கு.

வெளியே வந்ததும் ஓட்டக்காரி, "எங்க ஊட்டு கஷ்டம் உனுக்குத் தெரியாதா?" என்றாள். அதோடாவது விட்டாளா? நாலு நாள் கழித்துப் புது அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"வர்ற புதன்கெழமை ஸ்டேட் செலக்‌ஷன். புதுசா சேந்தவங்களுக்கு ஆறு மாசம் லீவே கெடையாதாம். இந்த ஒரு வாட்டி மட்டும் நின்னுடேன்."

கபடிக்காரிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அறைந்துவிடலாம் போலிருந்தது. அட்டையை வாங்கினாள். பளபளவென்று புதுப் புகைப்படம், சிரித்த முகம். அதை ஓட்டக்காரியின் கழுத்திலேயே மாட்டினாள்.

"காலைல ஓடிட்டு ரெண்டு மணிக்கு வந்து நிப்பேன்னு சொன்ன இல்ல? வந்து நில்லு."

அன்று மாலையே மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு ஜெரால்ட் பட்டியலை எடுத்தார். ஓட்டக்காரியின் புது நம்பரைச் சொல்லி "வினோதா" என்றதும் பழக்கதோஷத்தில் கபடிக்காரியின் வாய் திறந்தது. கடித்துக்கொண்டாள். அந்த நம்பருக்கு இன்று எவளும் பதில் சொல்ல மாட்டாள், ஓட்டக்காரி மாட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தாள்.

"இருக்கேன் சார்" என்றது எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஓட்டக்காரி போட்டிக்கே போகவில்லை. தொப்பியும் மாஸ்க்குமாகத் தலையைக் குனிந்து பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கபடிக்காரிக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. வேலையைப் பறித்தபோதுகூட இப்படி வயிறு எரிந்ததில்லை. அவள் ஓட வேண்டும் என்றுதானே இவள் எட்டு நாள் நின்றாள்.