ஒன்றரைக் கட்டை

பழைய கிட்டாரைச் செப்பனிட்டு விற்கிறவர்கள் முதலில் செய்யும் காரியம், அதிலிருக்கும் கம்பிகளை வெட்டி எறிவது. லவெல் ப்ரூயிட் அமெரிக்காவில் டொலிடோ நகரத்தில் முப்பத்தாறு வருடமாக இதைத்தான் செய்துவருகிறார். அந்தக் கைப்பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது. மனைவி ஒடெஸாவின் கிட்டாரை மேசையில் கிடத்தியதும், ஊர்பேர் தெரியாத எவருடையதோ போல ஆறு கம்பிகளையும் வெட்டிப்போட்டார். அவை குப்பைத் தொட்டியில் சுருண்டு விழுந்த பிறகுதான் உறைத்தது. அவள் கடைசியாகக் கூட்டிய சுருதி அந்தக் கம்பிகளில் இருந்தது. அவள் செத்த நாலு வருடத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இருந்தாலும் ஒரு தடயமாவது மிஞ்சியிருக்கும். புத்தி கெட்ட மனுஷன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒடெஸா சபையில் ஞாயிறுதோறும் வாசித்தவள். அவள் கூட்டும் சுருதி அவளுக்கே உரியது. யார் கேட்டாலும், "அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. நீங்க காணிக்கைத் தட்டைப் பாருங்க" என்று வாயை அடைத்துவிடுவாள். லவெல் ஒருநாளும் கேட்டதில்லை. கூட நின்று பாடுகிறவனுக்கு அது எதற்கு என்று இருந்துவிட்டார்.

சாகும்முன் அவள் சொன்னது ஒன்றுதான்: "இதை அலமாரில வெச்சு என்னை ரெண்டாந்தரம் பொதைக்காத. வாசிக்கிற பொண்ணு எவளாச்சும் வந்தா குடுத்துடு." பெட்டியைத் திறக்க அவருக்கு நாலு வருடம் பிடித்தது. இப்போது கிளீவ்லாந்திலிருந்து ஒருத்தி சனிக்கிழமை மதியம் வாங்க வருகிறாள். அதற்குள் ஒரே ஒரு தடவை ஒடெஸாவின் சுருதியைக் கேட்டுவிட வேண்டும். கிட்டார் போனால் அதுவும் போய்விடும்.

வேலை இரண்டு வாரம் இழுத்தது. கழுத்தில் விரல் பதிகிற இடங்களில் பள்ளம் விழுந்திருந்த உலோகப் பட்டைகளைப் பிடுங்கிப் புதிதாகப் பதித்தார். அது எலக்ட்ரிக் கிட்டார்; உடம்பு நடுவில் மரக்கட்டையும் இரண்டு பக்கமும் கூடுமாக இருப்பதால், பின்னால் திறக்க மூடி கிடையாது. உள்ளே போன ஒயர்களை மேற்பலகைத் துளை வழியாக நூல் கட்டி இழுக்க வேண்டும், கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதைப் போல. முதுகுப்பக்கம் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை உடுப்பின் பித்தான்கள் கீறிய கோடுகள் இருந்தன. வேறு கிட்டாராக இருந்தால் மெருகுபோட்டு மறைத்திருப்பார். இதில் கை வரவில்லை.

ஒரு விரலைப் படுக்கப் போட்டு நகர்த்தித்தான் அவள் வாசிப்பாள்; அப்படியானால் விரல் வைக்காமலே ஆறும் இசைந்து ஒலிக்க வேண்டும். அதனால் ஆறு கம்பிகளும் தம்முள் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதை முதல் நாளே பிடித்துவிட்டார். எந்த உயரத்தில் என்பதுதான் பிடிபடவில்லை. புதுக் கம்பிகளை முறுக்கினால் யார் வீட்டுப் பெண்ணோ யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. தளர்த்தினால் எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. பத்து நாளாக அதே ஏக்கம். சோறு தண்ணி இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை வேறு வழியில்லாமல், சபையில் ஆர்கன் வாசிக்கும் வெர்லீன் அம்மாளைக் கூப்பிட்டார். எழுபத்தெட்டு வயது. சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரத்தோடு வந்து உட்கார்ந்தவர், விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடப் பாவி, நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா உங்கள எதுக்கு சிஸ்டர் கூப்பிடறேன்?"

"ஒண்ணரைக் கட்டை சுருதி."

"அவ்வளவு கீழயா? எதுக்கு?"

"எதுக்கா! நாலு கட்டைல பாட வேண்டிய பாட்டையெல்லாம் ஒண்ணரைக்கு இறக்குனா. அதுக்கு மேல போனா உன் தொண்டை சேவல் மாதிரி கிழியும்ல? உச்சத்துல பாடற சோப்ரானோ பொம்பளைங்கல்லாம் இருபத்திரண்டு வருஷம் கிணத்துக்குள்ள நின்னு பாடுனாங்க. ஒருத்தி குறை சொல்லி வாயத் தெறந்திருப்பாளா? ஒடெஸான்னா அவ்வளவு பயம்."

"என் தொண்டையில பாட்டு தானா வந்து உக்காருதுன்னுல்ல நெனச்சேன்," என்றார் லவெல். அதை எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறார்!

"உக்காரல தம்பி. நாங்க நாற்காலி போட்டோம்." அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சுருதி பாக்கற மெஷினெல்லாம் வேணாம். உன் தொண்டைதான் அளவு. பாடு."

ஒடெஸாவை அடக்கம் பண்ணிய பிறகு அவர் பாடியதே இல்லை. முதலில் காற்றுதான் வந்தது.

"மேல ஏறப் பாக்காத. கௌரவம் பாக்காத. எறங்கு... இன்னும். ஆங், அங்க நில்லு."

நின்றார். அந்த ஸ்வரத்துக்குத் தடித்த கம்பியை வைத்தார். அடுத்ததை அதற்குச் சேர்த்தார். ஆறும் சேர்ந்ததும் கட்டைவிரலால் மெல்ல வருடினார்.

அவளேதான். பிரசங்கம் முடிந்த அமைதியில், கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பிடா என்று அவருக்கு மட்டும் சொல்கிற அவள். லவெல் கிட்டாரைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். உயிரோடிருந்தபோது ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்ல விடாமல் மறைத்துவிட்டாளே என்று கோபமும் வந்தது. பிறகு பாடினார். மூன்று பாட்டு, அடித்தொண்டையில், சுகமாக. வெர்லீன் அம்மாள் கூடச் சேர்ந்து முனகினார்.

மதியம் கிளீவ்லாந்துப் பெண் வந்தாள். பெயர் ஜனெல், தன் ஊர்ச் சபையில் வாசிக்கிறவள். மடியில் வைத்து நெடுநேரம் வாசித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அருமையா இருக்கு அங்கிள். ஆனா ரொம்பக் கீழ இருக்கே? எங்க ஆளுங்கல்லாம் உச்சத்துல பாடுவாங்க. ஏத்திக்கலாமா, கழுத்து தாங்குமா?"

"தாங்கும். ஏத்திக்கோம்மா," என்றார் லவெல். "அது எனக்காக எறக்கி வெச்சிருந்தது."