பால் வேன் பேசிய பேச்சு

வேன்காரர் தன் மனைவியிடம் முந்தின நாள் சொன்னதையெல்லாம், மறுநாள் காலையில் அவருடைய பால் வேனின் என்ஜின் தெருத்தெருவாகச் சொல்லத் தொடங்கியது. வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டிய கெடு எப்போதோ தாண்டியிருந்தது. இடைவெளி கூடிப்போய்ச் சுத்தியல் தட்டுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஒரு திங்கட்கிழமை வார்த்தையாயிற்று. "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று வேன்காரரின் குரலிலேயே கேட்டுக்கொண்டு வேன் தபால் நிலையத்தைத் தாண்டிப் போனது. ஆண்டவன் யாருக்கு எந்த வாயால் புத்தி சொல்வான் என்பது நம் கையில் இல்லை. பால் கெட்டியாக இருந்ததால் ஊரில் யாரும் குறை சொல்லவில்லை.

மனைவி மட்டும் துணிமணியோடு, அடுத்த தெருவில் மெக்கானிக்காக இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "நாலு சுவருக்குள்ள திட்டினப்போ பொறுத்துக்கிட்டேன். இப்ப பேங்க் வாசல்ல வேன் திட்டுது, அண்ணே" என்றாள். வேன் இப்படியே பேசினால் திரும்ப மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள்.

வேன்காரர் மச்சானிடம் ஓடினார். மெக்கானிக்கிடம் மணி கேட்டால்கூட கடிகாரத்தின் வரலாற்றைச் சொல்லுவார். "என்ஜின் நல்லா ஆறியிருக்கணும், மாப்ள. ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில நட்டைத் தளர்த்தி, அளவுத் தகட்டை இடுக்குல விடணும். லேசா உரசிக்கிட்டு வரணும். தொளதொளன்னும் இருக்கக்கூடாது, இறுகவும் கூடாது. புகை போற வால்வு ரொம்பச் சூடாகும், அதுக்குக் கொஞ்சம் கூடுதலா விடணும். அப்புறம் நட்டை இறுக்கிட்டு மறுபடி ஒரு தடவை பாக்கணும். வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கிற கிலோமீட்டருக்கு ஒரு தடவை இதைச் செஞ்சா போதும், ஆயுசுக்கும் ஓடும்."

"சத்தம் போயிடுமா, மச்சான்?"

"குறையும். சுத்தமாப் போகாது. சத்தமே போடாத வால்வு சாகப்போற வால்வு."

குறைந்தால் வேன்காரருக்குப் போதாது. பேச்சை மாற்றுவதைவிட வாயை அடைப்பது சுலபம் என்று நம்மில் பலர் நினைப்பதுபோல் அவரும் நினைத்தார். தானே ஸ்பேனரை எடுத்து, தகடு நுழைய இடமே இல்லாமல் எல்லாவற்றையும் இறுக்கினார். மறுநாள் வேன் பூனைபோல் போனது. மனைவி திரும்பி வந்தாள். அவரும் பழையபடி நிம்மதியாகத் திட்டினார்.

தங்கள் வண்டிகளும் என்றைக்காவது வாயைத் திறந்துவிடுமோ என்று ஊர் பயந்தது. தலைமையாசிரியர் தன் காரை இறுக்கினார். நகராட்சித் தலைவர் ஜீப்பை இரண்டு முறை இறுக்கினார். 'அமைதியான ஊர்' என்று எல்லையில் பலகை வைத்து, அதற்கு ஒலிபெருக்கி கட்டி விழா எடுத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள், முழுதாக மூட இடமில்லாத வால்வுகள் ஒவ்வொன்றாகக் கருகின. ஜீப்பைத் தலைவரே தள்ளிக்கொண்டு போனார், மிக அமைதியாக.

பால் வேன் ஆஸ்பத்திரி மேட்டின் அடியில், குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டிய பாலோடு நின்றுவிட்டது. வேன்காரர் ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டார். செய்தி கேட்டு வந்த மனைவி, இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் மேட்டில் ஏறினாள்.

"கனமா இருக்கா?" என்றார். கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டார்.

"இப்படி ஒரு வார்த்தை கேக்க உங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு. ஒரு பக்கம் பிடிங்க" என்றாள் அவள்.

புது வால்வு போட்டு, மெக்கானிக் முறையாக இடைவெளி வைத்தார். "நாளைக்கு இது மெதுவா பேசும், மாப்ள. என்ன பேசும்கிறது, இன்னிக்கு சாயங்காலம் நீங்க வீட்டுல பேசுறதைப் பொறுத்தது" என்றார். அன்று மாலை வேன்காரர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, வாய்வரை வந்த இரண்டு வாக்கியங்களைத் தண்ணீர் குடித்து விழுங்கினார்.

காலையில் மனைவி வேனில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். என்ன சொல்கிறதென்று தானே கேட்டுவிட்டு, இருப்பதா போவதா என்று முடிவெடுப்பதாகச் சொன்னாள். என்ஜின் இருமியது. பிறகு, "உப்பு கொஞ்சம் கம்மி. நீ உக்காரு, நான் எடுத்துக்கிறேன்" என்றது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. அன்று பல வீடுகளில் கணவர்களுக்குக் காப்பி தாமதமாகக் கிடைத்தது.

இப்போதெல்லாம் பால் இறக்கும்போது என்ஜினை அணைக்க வேண்டாம் என்று நர்சுகளே சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் வேன், "விளக்கை நான் அணைச்சுக்கிறேன், நீ தூங்கு" என்றது. வார்டில் அழுதுகொண்டிருந்த இரண்டு குழந்தைகள் உடனே தூங்கிவிட்டன.